எலும்பு முறிந்தால் வீங்குவது ஏன்? வீக்கத்தை அடக்கும் மாத்திரை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துமா?

மழை நேரம். ஆபிஸ் முடிந்து பைக்கில் திரும்பும்போது வண்டி சறுக்குகிறது. விழும்போது நீங்கள் செய்வதும் எல்லோரும் செய்வதுதான்: கையை ஊன்றுகிறீர்கள். அரை மணி நேரத்துக்குள் மணிக்கட்டு வீங்கி, தொட்டால் சுடுகிறது. எக்ஸ்ரேயில் முறிவு தெரிகிறது. மாவுக்கட்டு போட்டு, "ஆறு வாரம் கழிச்சு பார்க்கலாம்" என்று டாக்டர் அனுப்பிவிடுகிறார்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "வீக்கம் வத்திடுச்சா?" என்பதுதான். வீக்கம் வற்றுவதற்கு என்று ஒருவர் ஒரு மாத்திரை பெயர் சொல்வார். இன்னொருவர், "வலி மாத்திரை போட்டா எலும்பு சேராது" என்பார். நீங்கள் கூகுளில் தேடினால் இரண்டுக்கும் ஆதாரம் கிடைக்கும்!

இது ஒருசிலருக்கு மட்டுமான குழப்பம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் காயமடைந்தவர்கள் 4,43,366 பேர். படிக்கட்டில் விழுந்தவர்கள், ஃபுட்பால் ஆடும்போது விழுந்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

சரி, அந்த வீக்கத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

அழற்சி என்பது கோளாறா, வேலையா?

அடிபட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிப்பதைத்தான் மருத்துவத்தில் அழற்சி என்கிறார்கள். மூட்டுவாதம், குடல் அழற்சி போன்ற நோய்களோடு சேர்த்தே இந்த வார்த்தையைக் கேட்டுப் பழகியதால், அழற்சி என்றாலே கெட்டது, அதை உடனே நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறோம்.

எலும்பு முறிவில் கதை வேறு. இங்கே அழற்சிதான் பழுதுபார்க்கும் வேலையின் முதல் கட்டம். அது நடக்காவிட்டால் அடுத்த கட்டம் ஒழுங்காகத் தொடங்காது.

தோலில் ஆழமாக வெட்டுப்பட்டால் தழும்பு விழுகிறது. அந்த இடத்தில் பழைய தோல் அப்படியே திரும்பி வருவதில்லை. ஆனால் எலும்பு, தழும்பு இல்லாமல் மீண்டும் எலும்பாகவே வளரக்கூடிய அரிதான திசுக்களில் ஒன்று. அந்த வளர்ச்சிக்கான உத்தரவுகளைக் கொடுப்பவை, அழற்சியின்போது செல்கள் வெளியிடும் சின்னச் சின்ன சமிக்ஞை மூலக்கூறுகள். அவற்றில் பெரும்பாலானவை சைட்டோகைன்கள் என்ற புரதங்கள். கொரோனா காலத்தில் 'சைட்டோகைன் புயல்' என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். அதே குடும்பம்தான். அங்கே அளவு மீறியதால் ஆபத்து. இங்கே அளவோடு, நேரத்தோடு வருவதால் நன்மை.

முதல் 3 நாட்கள்: மாவுக்கட்டுக்குள் என்ன நடக்கிறது?

எலும்பு முறியும்போது அதற்குள்ளும் அதைச் சுற்றியும் இருக்கும் ரத்தக் குழாய்களும் கிழிகின்றன. வெளியேறும் ரத்தம் முறிவைச் சுற்றி உறைந்து கட்டியாகிறது. "ரத்தம் கட்டிப்போச்சு" என்று நாம் பயத்தோடு சொல்லும் அதே விஷயம்தான். ஆனால் இந்த ரத்தக்கட்டு வெறும் கழிவு இல்லை. வேலை நடக்கும் களமே இதுதான். எலிகளில் முறிவுக்குப் பிறகு இந்த ரத்தக்கட்டை அகற்றிப் பார்த்த ஆய்வுகளில், எலும்பு கூடுவது பாதிக்கப்பட்டது.

ரத்தக்கட்டில் சிக்கிய தட்டணுக்கள் முதல் சமிக்ஞைகளை வெளியிடுகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்து சேர்கின்றன. அவை இறந்த செல்களையும் கிருமிகளையும் சமாளிப்பதோடு, அடுத்த அணிக்கும் ஆள் அனுப்பச் சொல்கின்றன. ஓரிரு நாட்களில் மேக்ரோஃபேஜ்கள் வருகின்றன. துப்புரவுப் பணியாளர், மேஸ்திரி என்று இரண்டு பொறுப்பையும் பார்ப்பவை இவைதான்.

இந்தக் கட்டத்தில் வேலை செய்யும் முக்கிய மூலக்கூறுகள்:

• டிஎன்எஃப்-ஆல்ஃபா: முதல் 24 மணி நேரத்தில் வேகமாக உயரும். சுற்றியுள்ள தசையிலிருந்தும் எலும்பு உறையிலிருந்தும் ஸ்டெம் செல்களை முறிவு இடத்துக்கு வரவழைக்க உதவும்.

• இன்டர்லூகின்-1: டிஎன்எஃப் கூடவே உயரும். மற்ற சைட்டோகைன்களையும் காக்ஸ்-2 என்ற நொதியையும் தூண்டிவிடும்.

• இன்டர்லூகின்-6: புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதற்கான சமிக்ஞையைத் தூண்டும். ரத்தம் வராத இடத்தில் எலும்பு வளராது.

• புரோஸ்டாகிளாண்டின் ஈ2: காக்ஸ்-2 நொதியின் வழியாக உருவாகும். உங்களுக்கு வலியைத் தருவதில் இதற்கும் பங்கு உண்டு. அதே நேரத்தில், ஸ்டெம் செல்கள் எலும்பு உருவாக்கும் செல்களாக மாறவும் இது தேவை.

கடைசியாகச் சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை பற்றிய மொத்த விவாதமும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

தொடங்கினால் போதாது, நிற்கவும் வேண்டும்

அழற்சி நல்லது என்றால், அதிகமாக இருந்தால் இன்னும் நல்லதா? இல்லை. நேரத்துக்கு அடங்குவதும் அதே அளவுக்கு முக்கியம்.

முதலில் வரும் மேக்ரோஃபேஜ்கள் அழற்சியைத் தூண்டும் குணம் கொண்டவை. சில நாட்களில் அழற்சியைத் தணித்து, திசுவைக் கட்டும் வகை ஆதிக்கத்துக்கு வருகிறது. இன்டர்லூகின்-10 போன்ற, பிரேக் போடும் மூலக்கூறுகள் இதற்கு உதவுகின்றன. ஆரோக்கியமான ஒருவருக்கு முதல் வாரத்தின் முடிவில் டிஎன்எஃப், இன்டர்லூகின்-1 அளவுகள் கணிசமாக இறங்கிவிடும்.

இந்த மாற்றம் நடந்த பிறகுதான் இரண்டாம் கட்டம். முறிவுக்கு நடுவில் முதலில் வருவது எலும்பு இல்லை, குருத்தெலும்பு. மூக்கின் நுனியில் இருப்பது போன்ற வளையும் திசு. இரண்டு, மூன்று வாரங்களில் இது முறிந்த முனைகளை ஒரு பாலம் போல இணைக்கிறது. "கட்டைப் பிரிச்சிடலாமா?" என்று மூன்றாவது வாரத்தில் நீங்கள் கேட்கும்போது டாக்டர் மறுப்பதற்குக் காரணம் இதுதான். வலி குறைந்திருக்கும். ஆனால் உள்ளே பாலம் இன்னும் மிருதுவாகவே இருக்கும்.

இரண்டாவது அலை

குருத்தெலும்பு நிரந்தரம் இல்லை. அதில் கால்சியம் படிந்ததும் அது அகற்றப்பட்டு, அந்த இடத்தில் எலும்பு வர வேண்டும். இந்தக் கட்டத்தில் டிஎன்எஃப் மீண்டும் உயர்கிறது. முதல் முறை வந்தது ஆள் சேர்க்க. இந்த முறை பழைய குருத்தெலும்பைக் களையும் வேலைக்கு. அதற்குப் பிறகு, மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில், எலும்பைத் தின்னும் செல்களும் எலும்பைக் கட்டும் செல்களும் மாறி மாறி வேலை செய்து, முண்டாக இருந்த இடத்தைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன.

டிஎன்எஃப்-ஐ மொத்தமாக நிறுத்தினால் என்ன ஆகும்? 2003-ல் வெளியான ஒரு ஆய்வில், டிஎன்எஃப் சமிக்ஞையைப் பெற முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட எலிகளின் எலும்பை முறித்துப் பார்த்தார்கள். குருத்தெலும்பு உருவானது. ஆனால் அதை அகற்றும் வேலை தாமதமானது. எலும்பு கூடுவது வாரக்கணக்கில் தள்ளிப்போனது.

காக்ஸ்-2 விஷயத்தில் இன்னும் தெளிவான விடை கிடைத்தது. 2002-ல் இரண்டு வெவ்வேறு அமெரிக்க ஆய்வுக் குழுக்கள், காக்ஸ்-2 மரபணு இல்லாத எலிகளில் முறிவு சரியாகக் கூடவில்லை என்று காட்டின. காக்ஸ்-1 இல்லாத எலிகளுக்கு அந்தப் பிரச்சனை இல்லை. அதாவது, அழற்சியின்போது உயரும் அந்தக் குறிப்பிட்ட நொதிதான் முக்கியம்.

அப்படியென்றால் வலி மாத்திரை போடலாமா, கூடாதா?

டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன், அசிக்ளோஃபெனாக், எடோரிகாக்ஸிப், இண்டோமெதசின் என்று நாம் வழக்கமாகக் கேள்விப்படும் 'வீக்கம் குறைக்கும்' வலி மாத்திரைகள் எல்லாமே காக்ஸ் நொதியைத்தான் தடுக்கின்றன. எலிகளில் கிடைத்த முடிவைப் பார்த்தால் பயம் வருவது நியாயம்தான். மனிதர்களில் கிடைத்த தரவுகள் என்ன சொல்கின்றன?

கவலை தரும் பக்கம்: இடுப்புக் குழி எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு, தசைக்குள் தேவையில்லாத எலும்பு வளராமல் தடுக்க இண்டோமெதசின் கொடுப்பது வழக்கம். இவர்களில் கை, கால்களின் நீண்ட எலும்புகளும் முறிந்திருந்த 112 பேரை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2003-ல் வெளியானது. இண்டோமெதசின் எடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு அந்த எலும்பு கூடவில்லை. எடுக்காதவர்களில் அது 7 சதவீதம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் எலும்பு வளராமல் தடுக்கவே கொடுத்த மருந்து, வளர வேண்டிய இடத்திலும் தடுத்திருக்கிறது.

ஆறுதல் தரும் பக்கம்: 2019-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த வகை மாத்திரைகள் எடுத்த பெரியவர்களில் எலும்பு கூடாமல் போவதோ தாமதமாவதோ சுமார் இரண்டு மடங்கு அதிகமாகத் தெரிந்தது. ஆனால் குறைந்த அளவிலோ, சில நாட்கள் மட்டுமோ எடுத்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. குழந்தைகளிடமும் தெரியவில்லை.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. மோசமான முறிவு உள்ளவருக்கு வலி அதிகம். அவர் மாத்திரையும் அதிகம் எடுப்பார். அவருடைய எலும்பு கூடத் தாமதமானால், காரணம் மாத்திரையா, முறிவின் தீவிரமா? பல ஆய்வுகளால் இதைப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எலி பரிசோதனை அளவுக்கு மனிதத் தரவு தெளிவாக இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2023-ல் அமெரிக்காவின் இரண்டு விபத்து சிகிச்சை நிபுணர் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், எலும்பு முறிவு வலிக்கு இந்த வகை மாத்திரைகளைப் பயன்படுத்தலாம் என்று நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. ஓப்பியாய்டு வகை மருந்துகளின் தேவையைக் குறைப்பது இதில் உள்ள பெரிய லாபம். வலி தாங்காமல் தூக்கம் கெட்டு, விரலைக்கூட அசைக்காமல் படுத்திருப்பதும் உடம்புக்கு நல்லதில்லை.

ஆகவே, டாக்டர் எழுதிக் கொடுத்த சில நாள் மாத்திரையைப் பயந்து நிறுத்த வேண்டாம். பிரச்சனை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்பில் மாதக்கணக்கில் நாமே வாங்கிப் போடுவதுதான் அந்த இடம்.

இன்னொன்று: பாராசிட்டமால் வேறு வகை. அடிபட்ட இடத்தின் அழற்சியை அது பெரிதாக அடக்குவதில்லை. ஆனால் நம் ஊர்க் கடைகளில் அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் கலந்து கிடைப்பது சர்வசாதாரணம். "நான் வெறும் பாராசிட்டமால்தான் போடறேன்" என்று நினைப்பவர்கள், அட்டையைத் திருப்பி உள்ளடக்கத்தை ஒரு முறை படித்துவிடுங்கள்.

யாருக்கெல்லாம் இந்தச் சமிக்ஞை தடம் மாறுகிறது?

சர்க்கரை நோயாளிகள்: 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் மதிப்பீட்டில், இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை நோயுள்ள எலிகளில் டிஎன்எஃப் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. விளைவு, குருத்தெலும்புப் பாலம் உறுதியாகும் முன்பே அரிக்கப்படுகிறது. அதே எலிகளில் டிஎன்எஃப்-ஐத் தடுத்தபோது நிலைமை மேம்பட்டது. மேலே பார்த்த 2003 ஆய்வுக்கு இது நேர் எதிராகத் தெரியலாம். ஆனால் முரண் இல்லை. சமிக்ஞையே இல்லாவிட்டாலும் கெடுதல், அது ஓயாமல் ஒலித்தாலும் கெடுதல்.

புகைப்பவர்கள்: எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு புகைக்காதவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகளின் தொகுப்புகள் காட்டுகின்றன. நிக்கோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. மாத்திரையைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது சிகரெட்டைப் பற்றி. இது உங்கள் கையில் இருக்கும் விஷயம்.

ஸ்டீராய்டு எடுப்பவர்கள்: நீண்ட நாள் ஸ்டீராய்டு, அழற்சியையும் எலும்பு உருவாவதையும் சேர்த்தே குறைக்கிறது. மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃப்-ஐத் தடுக்கும் ஊசி போடுபவர்களும் முறிவு ஏற்பட்டால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வயதானவர்கள்: வயது ஏற ஏற, அழற்சி மெதுவாகத் தொடங்கி, மெதுவாகவே அடங்குகிறது. அப்பாவுக்கும் உங்களுக்கும் ஒரே மாதிரி முறிவு என்றாலும், ஒரே நாளில் கட்டு பிரிக்கப்படாது.

பிரண்டை சாப்பிட்டா எலும்பு சேருமா?

வீட்டில் கட்டாயம் வரும் கேள்வி. பிரண்டைக்கு இந்தியில் 'ஹட்ஜோட்', அதாவது எலும்பை இணைப்பது என்றே பெயர். வாரணாசி பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சை நிபுணர் கே.என்.உடுப்பாவின் குழு, 1960-களிலேயே இதை விலங்குகளில் பரிசோதித்து, முறிவு வேகமாகக் கூடுவதாகக் கட்டுரைகள் வெளியிட்டது. ஆனால் விலங்கு ஆய்விலிருந்து, "இத்தனை கிராம், இத்தனை நாள்" என்று மனிதர்களுக்கு உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிய பரிசோதனைகள் நடக்கவில்லை. பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதை மாவுக்கட்டுக்கு மாற்றாக நினைக்காதீர்கள்.

பாரம்பரியக் கட்டு பற்றியும் இதே அடிப்படைதான். எலும்பு கூட மூன்று விஷயம் தேவை: முனைகள் நேராக இருப்பது, அதிகம் அசையாமல் இருப்பது, ரத்த ஓட்டம் தடைபடாமல் இருப்பது. எந்தக் கட்டாக இருந்தாலும், எக்ஸ்ரே பார்க்காமல் போட்டால் முதல் விஷயம் தெரியாது. அளவுக்கு மீறி இறுக்கினால் மூன்றாவது கெட்டுவிடும்.

ஐஸ் வைக்கலாமா, கையைத் தூக்கி வைக்கலாமா?

இரண்டும் செய்யலாம். நீர் தேங்குவதால் வரும் வீக்கம் வேறு, உள்ளே நடக்கும் சமிக்ஞைப் பரிமாற்றம் வேறு. அடிபட்ட கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில் வைத்தால், தேங்கிய நீர் இறங்கும். டிஎன்எஃப்-க்கு அதனால் ஒன்றும் ஆகாது. வலிக்காக முதல் ஓரிரு நாள் துணியில் சுற்றிய ஐஸ் சில நிமிடங்கள் வைப்பதிலும் தவறில்லை. கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மூலக்கூறுகளையே மருந்தாகக் கொடுக்க முடியாதா?

ஓரளவு முடிந்திருக்கிறது. 1965-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், தாதுக்களை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தால் அங்கேயே புது எலும்பு உருவாகிறது என்று கண்டுபிடித்தார். அதற்குக் காரணமான புரதங்களுக்கு பிஎம்பி என்று பெயர். அதில் ஒன்றான பிஎம்பி-2-க்கு, தோல் கிழிந்த கணைக்கால் முன்னெலும்பு முறிவுகளின் சிகிச்சைக்காக 2004-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலை அதிகம், பக்கவிளைவுகளும் உண்டு என்பதால் எல்லா முறிவுக்கும் இது பயன்படுவதில்லை.

அழற்சி மூலக்கூறுகளை நேரடியாகக் கொடுக்கும் முயற்சி இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. 2015-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள், முறிவு ஏற்பட்ட முதல் 24 மணி நேரத்துக்குள் மிகக் குறைந்த அளவு டிஎன்எஃப்-ஐ அந்த இடத்தில் செலுத்தியபோது எலிகளின் எலும்பு வேகமாகக் கூடியதைக் காட்டினார்கள். எலும்பு மெலிந்த எலிகளிலும் இது பலித்தது. அளவும் நேரமும் சரியாக இருப்பதுதான் இதில் சவால்.

டாக்டரிடம் கேட்க 4 கேள்விகள்

1. இந்த வலி மாத்திரை எந்த வகை? எத்தனை நாள் எடுக்க வேண்டும்? அதற்குப் பிறகும் வலித்தால் எதை எடுக்கலாம்?

2. நான் ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகளில் (சர்க்கரை, ஸ்டீராய்டு, மூட்டுவாதம், ஆஸ்பிரின்) ஏதாவது மாற்ற வேண்டுமா?

3. வைட்டமின் டி அளவு பார்க்க வேண்டுமா?

4. அடுத்த எக்ஸ்ரே எப்போது? அதில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

நாள் பார்க்காமல் உடனே போக வேண்டியது எப்போது?

எல்லா வீக்கமும் நல்ல வீக்கம் இல்லை. கட்டுக்குள் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரலை நீட்டினால் உயிர் போவது போல வலித்தால், விரல்கள் மரத்து, வெளுத்து அல்லது நீலமாக மாறினால், அது அழற்சியின் இயல்பான வேலை இல்லை. உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபடுகிறது என்று அர்த்தம். இதில் சில மணி நேரத் தாமதம்கூடத் தசையையும் நரம்பையும் நிரந்தரமாகப் பாதிக்கலாம். ராத்திரி 2 மணியாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், காயத்தில் சீழ் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

மற்றபடி, முதல் சில நாள் சூடும் வீக்கமும் இருந்தால் பதற வேண்டாம். ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி மேகம் போல ஒரு வெண்மை தெரிந்தால், டாக்டர் "நல்லா சேருது" என்பார். அந்த வெண்மைக்கான வேலை, நீங்கள் கீழே விழுந்த அன்று ராத்திரியே தொடங்கிவிட்டது.